கத்தரிக்கோலும் கையுமாக

கே: பையனுக்குப் பள்ளியில் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' புராஜெக்ட். நாளைக் காலையில் கொண்டு போக வேண்டுமாம். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வாயைத் திறக்கிறான். ஒரு வழி சொல்லுங்கள்.
– ஓர் அம்மா, மந்தைவெளி

ப: இந்த மாதிரி ராத்திரிகளில் ஸ்டேஷனரிக் கடைகளில் நடக்கிற வியாபாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? புது ஐஸ் குச்சி ஒரு கட்டு, புது பேப்பர் கப் ஐம்பது, புது சம்கி, புது தெர்மாகோல். குப்பையை விலைக்கு வாங்கிக் கலைப்பொருள் செய்யும் ஊர் நம்முடையது.

கடைக்கு ஓடாதீர்கள். நேற்றைய பேப்பரை எடுங்கள். ஒரு தாளை நாலாக வெட்டி, துண்டின் ஒரு மூலையில் துடைப்பக் குச்சியை வைத்துக் குறுக்காகச் சுருட்ட வேண்டும். நேராகச் சுருட்டினால் குழல் தொளதொளவென்று இருக்கும். குறுக்காகச் சுருட்டினால் சுற்றின் மேல் சுற்று ஏறி இறுகி, குழல் விறைப்பாக வரும். கடைசி மூலைக்கு ஒரு சொட்டு பெவிகால் வைத்துக் குச்சியை உருவிவிடலாம். போதுமான குழல் சேர்ந்ததும் காலி காபித்தூள் டப்பாவின் உயரத்துக்கு வெட்டி, டப்பாவைச் சுற்றி நெருக்கமாக ஒட்டி, மேலே ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். விடிந்தால் பேனா ஸ்டாண்ட்.

ஒரு நிபந்தனை. சுருட்டுகிற வேலை பையனுடையது. நீங்கள் சுருட்டினால் மார்க்கும் உங்களுக்குத்தான்.

கே: வருஷத்துக்கு ஒரு மூட்டை கல்யாணப் பத்திரிகை சேர்கிறது. தடி அட்டை, வெல்வெட், தங்க எழுத்து. மேலே பிள்ளையார் இருக்கிறார், குப்பையில் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– குடும்பத் தலைவர், சி.ஐ.டி. நகர்

ப: நம் ஊர் அரசமரத்தடிகளில் கண்ணாடி உடைந்த சாமி படங்கள் வரிசையாகச் சாய்ந்திருப்பதும் இதே தயக்கத்தால்தான். பத்திரிகைப் பிள்ளையாருக்கு நான் மறுபடியும் உத்தியோகம் கொடுத்துவிடுகிறேன். மொய்க் கவர்!

காலி மொய்க் கவர் ஒன்றை ஒட்டுப் பிரித்து விரித்தால் அளவு கைக்கு வந்துவிடும். இன்றைய 500 ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம். கவர் அதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். பத்திரிகையின் உள்தாள்கள் கவருக்குச் சரியான கனம். தடி அட்டையில்தான் செய்வேன் என்றால், மடிக்கும் இடத்தில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். கோடு போடாமல் மடித்தால் அட்டை வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை பல்லைக் காட்டும். பிள்ளையாரை ஓரம் பிசகாமல் வெட்டி முகப்பில் ஒட்டி, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு. ஒரு கல்யாணத்தில் வந்தவர் இன்னொரு கல்யாணத்துக்குப் போய்விடுவார்.

எச்சரிக்கை: கவரின் உட்புறத்தில் பழைய மணமக்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மொய் எழுதுகிற இடத்தில் குழப்பம் வேண்டாம்.

கே: அப்பா அம்மா கல்யாணப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கறுப்பு வெள்ளை. சதாபிஷேகத்துக்கு அதை வெட்டி, அம்மாவின் புடவைக்கு நிஜப் பட்டுத்துணி, சரிகை எல்லாம் வைத்து ஒட்டி, பிரேம் போட்டுக் கொடுக்க ஆசை. செய்யலாமா?
– மகள், அடையாறு

ப: தாராளமாக. அசலைத் தொடாமல்.

முதல் வேலை ஸ்கேன். 600 டிபிஐயில் எடுத்து, மேட் தாளில் இரண்டு பிரதி போடச் சொல்லுங்கள், ஒன்றில் கைதவறினால் இன்னொன்று இருக்கும். அசல் காகித உறையில் பீரோவுக்குப் போகட்டும். ஒட்டும் அட்டைமேல் பிளாஸ்டிக் தாள் மூடியிருக்குமே, அந்த வகை ஆல்பத்தில் மட்டும் வைக்காதீர்கள். அதன் பசை வருஷம் போகப் போகப் பழுத்துப் படத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது, தெரியுமா? ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணத்தில் அடித்து விற்றபோது, வாங்கியவர்கள் படத்தைச் சும்மா மாட்டவில்லை. தேவியின் புடவைமேல் நிஜத் துணியை வெட்டி ஒட்டினார்கள். கரைக்குச் சரிகை வைத்தார்கள். நகை வரும் இடமெல்லாம் சம்கியும் மணியும் ஏறின. செட்டிநாட்டு வீடுகளில் அப்படிப் புடவை கட்டிக்கொண்ட படங்கள் இன்னும் தொங்குகின்றன. அச்சடித்த சாமியைத் தன் கையால் அலங்கரித்தால்தான் அது தன் வீட்டுச் சாமி என்று அந்தப் பெண்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. கணவர் ஒரு படத்தில், மனைவி வேறொரு படத்தில், இருவரில் ஒருவர் உயிரோடும் இல்லை என்றால், இரண்டு பேரையும் வெட்டிச் சேர்த்து, ஒட்டுத் தெரியாமல் தூரிகையால் பூசி, மறுபடி படமெடுத்து ஜோடியாக்கிக் கொடுத்துவிடுவார்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியாக, பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தில் டிஜிட்டல் வடிவில் சேமித்திருக்கிறார்கள். கணினி வருவதற்கு முன்பே கத்தரியால் 'எடிட்டிங்' நடந்த காலம் அது.

இனி செய்முறை. பிரதியில் புடவை மட்டும் வரும் வடிவத்தை மெல்லிய அட்டையில் படியெடுத்து வெட்டுங்கள். துணியை அதைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டி அட்டைமேல் போர்த்துங்கள். வளைவுகளில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து, பின்பக்கம் மடித்து, பின்பக்கத்தில் மட்டும் பசை தடவுங்கள். முன்பக்கம் ஒரு சொட்டு பெவிகால் பட்டால் பட்டில் கறை நிற்கும். அப்புறம் அட்டையோடு தூக்கிப் படத்தின் மேல் பொருத்துங்கள். பிரேம் போடும்போது 'மவுண்ட் வைத்துப் போடுங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளியாவது வேண்டும். ஏன் என்பதை அடுத்த கேள்வி சொல்லும்.

கே: தாத்தாவின் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நெம்பி எடுக்கலாமா?
– பேரன், ராயப்பேட்டை

ப: நெம்பினால் தாத்தாவின் மூக்கு கண்ணாடியோடு வந்துவிடும். படத்தின் மேலே இருப்பது ஜெலட்டின். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேனரில் கவிழ்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிரதியை மாட்டுங்கள். அசல் கண்ணாடியோடேயே பீரோவில் இருக்கட்டும். இத்தனை வருஷம் சேர்ந்து இருந்தவர்களை நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

கே: கோந்து, மைதாப் பசை, பெவிகால், செலோடேப். எதற்கு எது?
– ஆரம்பநிலை, நந்தனம்

ப: செலோடேப் அவசரத்துக்கு மட்டும். சில வருஷத்தில் டேப் உரிந்து போய்விடும், மஞ்சள் கறை மட்டும் தங்கும். பழைய காகிதத்தில் ஒட்டவே கூடாது.

பெவிகால் 1959-இல் சந்தைக்கு வந்தது, அட்டைக்கும் துணிக்கும் அதுவே ராஜா. அப்படியே பிதுக்காமல் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தூரிகையால் தடவுங்கள்.

மெல்லிய தாளுக்கு மைதாப் பசை. ஒரு ஸ்பூன் மாவை ஆறு ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும், அப்போது இறக்கலாம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நமக்குப் பசை, கரப்பானுக்கு விருந்து. அதனால்தான் பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தைகள் கைவைக்கிற வேலைக்குச் சேர்க்காதீர்கள். பசையை அன்றன்றைக்குக் காய்ச்சி, மீதியைக் கொட்டிவிடுங்கள்.

கே: பேப்பர் குவில்லிங் ஜிமிக்கி போட்டுக்கொண்டு ரங்கநாதன் தெருவுக்குப் போகலாமா?
– கல்லூரி மாணவி, கோட்டூர்புரம்

ப: போகலாம். வார்னிஷ் இரண்டு கோட் அடித்திருந்தால் ஜிமிக்கி திரும்பி வரும். இல்லாவிட்டால் பாதித் தெருவிலேயே வியர்வையில் ஊறி மறுபடி காகிதமாகிவிடும்.

கே: பிள்ளையார் சதுர்த்திக்கு மாடவீதியில் வாங்குகிற கலர் பேப்பர் குடையை வீட்டிலேயே செய்ய முடியுமா? அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்கு வீடியோவில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.
– பாட்டி, மயிலாப்பூர்

ப: நல்ல கேள்வி கேட்டீர்கள் பாட்டி. காகிதக் கைவேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குடைதான். களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, அறுகம்புல் கட்டு இவற்றோடு சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை கபாலி கோயிலைச் சுற்றிய தெருக்களில் மலர்ந்து, பூஜை முடிந்ததும் பிள்ளையாரோடு போய்விடும். காசு கொடுக்கும்போது யாரும் அதைக் கைவினை என்று நினைப்பதில்லை.

பேத்திக்குச் சொல்ல எளிய முறை இது. வழவழப்பான கலர் தாளில் 60 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வேண்டும். தாள் நீளம் பத்தாவிட்டால் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். அதை ஒரு செ.மீ. அகலத்துக்கு முன்னும் பின்னுமாக விசிறி மடிப்பு மடித்துக்கொண்டே போக வேண்டும். மடித்து முடித்ததும் இரண்டு நுனிகளையும் ஒட்டினால் ஒரு வளையம் வரும். அதைப் படுக்க வைத்து, மேல் ஓரத்தை விரலால் நடுவுக்குத் தள்ளினால் வட்டத் தட்டாக விரியும். விட்டால் துள்ளி எழுந்துவிடும், ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நடுவில் ஒரு ரூபாய் அளவு அட்டை வட்டத்தை ஒட்டச் சொல்லுங்கள். பசை காய்கிறவரை மேலே ஒரு சின்ன டப்பாவை வைக்கலாம். காய்ந்தபின் நடுவைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டால் தட்டு குடையாகக் கவியும். ஓரத்துக்கு ஜிகினாத் தாளில் குஞ்சம் நறுக்கி ஒட்டி, நடுவில் மூங்கில் குச்சியைச் செருகி, அடியில் ஓர் உருண்டைக் களிமண். அமெரிக்காவில் களிமண் கிடைக்காவிட்டால் சப்பாத்தி மாவு போதும், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குழந்தை முதலில் தடுமாறுவது வட்டமாக விரிக்கிற இடத்தில்தான். வீடியோவில் அந்த இடத்தில் மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கே: என் கணவர் ஒரு காலி டப்பாவைக்கூடத் தூக்கிப் போட விடுவதில்லை. எல்லாவற்றையும் 'ஏதாவது செய்யலாம்' என்கிறார். பரண் நிரம்பிவிட்டது.
– பொறுமைசாலி, இந்திரா நகர்

ப: 'செய்யலாம்' என்பதற்கு ஒரு தேதி கேளுங்கள். போகிக்குள் செய்யாதது பழைய பேப்பர்காரருக்கு. கொளுத்த வேண்டாம், மார்கழி மூட்டத்தில் ஊர் ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கிறது.

கே: அம்மாவின் பட்டுப்புடவை மடிப்பு மடிப்பாக விட்டுப்போய்விட்டது. வெட்டிக் குஷன் கவர் தைக்கலாம் என்கிறாள் மருமகள். எனக்கு மனசு ஆறவில்லை.
– மாமியார், தி. நகர்

ப: மருமகள் கேட்டுவிட்டுத்தானே வெட்டப் போகிறாள், அதற்கே ஒரு சபாஷ்.

புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடல் பகுதி மடிப்பில் நைந்திருந்தாலும் கரையும் முந்தானையும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். பழைய அசல் சரிகை என்றால் பட்டு நூலில் வெள்ளித் தகட்டைச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. அதனால்தான் 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்ற போர்டுகள். எடைக்குப் போட்டால் பணம் வரும், புடவை உருகிவிடும். முடிவு உங்களுடையது. நானாக இருந்தால் போடமாட்டேன்.

குஷன் கவர் வேண்டாம். தலை எண்ணெயும் டிவி பார்க்கும்போது கொறிக்கிற மிக்சரும் படுகிற இடத்தில் அம்மாவின் புடவை எதற்கு? கரையை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய வேட்டித் துணியைப் பின்னால் வைத்து இழை ஓட்டி, பூஜை அறை வாசலுக்குத் தோரணமாகக் கட்டுங்கள். முந்தானையில் ஒரு சாண் எடுத்து, அம்மாவின் போட்டோவுக்குச் சுற்று மவுண்டாக வையுங்கள். வெட்டும் இடத்தில் முன்கூட்டியே ஒரு தையல் ஓட்டிவிட்டு அதன் ஓரமாக வெட்டினால் நூல் பிரியாது. இஸ்திரி போடும்போது மேலே ஒரு பருத்தித் துணி. அந்துருண்டையைச் சரிகை பக்கமே விடாதீர்கள், கறுத்துப்போகும்.

ஆளுக்கு ஒரு துண்டு என்று பெண்கள், பேத்திகள் எல்லோருக்கும் பங்கு வையுங்கள். முழுப் புடவையாக இருந்தால் பீரோவிலேயேதான் இருந்திருக்கும்.

கே: எங்கள் தெருத் தையல்காரர் வெட்டுத்துணியைப் பை பையாகக் கொடுக்கிறார். கால்மிதி தவிர வேறு ஏதாவது உண்டா?
– வாசகி, கே.கே. நகர்

ப: பங்குனிப் பெருவிழாவில் கபாலீசுவரர் தேரை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். உயரத்திலிருந்து குழல் குழலாகத் தொங்கி ஆடுகிறதே, அது தொம்பை. தேர்ச்சீலையும் தொம்பையும் செய்வது தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவேலை. ஒரு நிறத் துணியின் மேல் இன்னொரு நிறத்தை வெட்டி வைத்துத் தைப்பார்கள். முழுக்க ஒட்டுத்துணி வேலைதான், ஆனால் சாமி புறப்பாட்டுக்குப் போகிறது.

அதையே ஒரு சாண் உயரத்தில் கொலுவுக்குச் செய்யுங்கள். பழைய வளையல் இரண்டு எடுங்கள், ஒன்று மேல் வாய்க்கு, ஒன்று கீழ் வாய்க்கு. வளையலின் சுற்றளவை நூலால் அளந்து, தையலுக்கு அரை அங்குலம் சேர்த்து, சிவப்புத் துணியைக் குழலாகத் தைத்து இரண்டு வளையல்களையும் உள்ளே மடித்துப் பொதியுங்கள். வெள்ளை, மஞ்சள், பச்சைத் துண்டுகளைத் தாமரை, கிளி, யாளி என்று தெரிந்த உருவத்தில் வெட்டி மேலே வைத்துத் தையுங்கள். யாளி வராவிட்டால் நாய்க்குட்டி போலத்தான் வரும், பாதகமில்லை. கீழே முக்கோண நாக்குகள் வரிசையாக. நாலு தொம்பையைக் கொலுப்படியின் நாலு மூலையில் தொங்கவிட்டால், சுண்டலுக்கு வருகிறவர்கள் சுண்டலை மறந்து நிமிர்ந்து பார்ப்பார்கள். ஃபேனை மெதுவாக வைத்தால் நன்றாக ஆடும்.

கே: கைவேலையில் உபயோகமானது எது? ஒரே ஒரு பொருள் சொல்லுங்கள்.
– அவசரக்காரர், சைதாப்பேட்டை

ப: மஞ்சப்பை. அரசாங்கம் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே ஆரம்பித்தது. உங்கள் பழைய பேண்ட்டின் ஒரு காலை வெட்டி அடியில் இரண்டு தையல் போட்டால் அரிசி தாங்கும் பை ஆகிவிடும். மஞ்சளாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அடுத்த முறை மறக்காமல் எடுத்துக்கொண்டு போவதுதான் கஷ்டமான கைவேலை.

கே: 'கல்கி'யிலிருந்து பாட்டி கிழித்துச் சேர்த்து வைத்த தொடர்கதைத் தாள்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடைத்தன. நானே பைண்டு செய்யலாமா?
– ஐ.டி. ஊழியர், திருவான்மியூர்

ப: 1950-லிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வந்தபோது வாராவாரம் பக்கங்களைப் பிரித்து, ஓவியர் மணியத்தின் படங்களோடு சேர்த்துத் தைத்து வைக்காத வீடு மயிலாப்பூரில் குறைவாகத்தான் இருந்திருக்கும். லஸ் கார்னர் நடைபாதைப் புத்தகக் கடையில் அப்படித் தைத்த தொகுப்பு கண்ணில் பட்டால் இப்போதும் விடமாட்டார்கள். நடுநடுவே வரும் விளம்பரங்கள்தான் அதில் பாதி ருசி. பாட்டி அவற்றையும் வைத்திருந்தால் கிழித்துப் போடாதீர்கள்.

முதலில் ஒரு தாளின் மூலையை மடித்துப் பாருங்கள். ஓரிரு மடிப்பிலேயே ஒடிந்து விழுந்தால் அது ஊசி தாங்காது. அப்படிப்பட்டதைத் தைக்காமல் அட்டைப் பெட்டியில் அடுக்கி வையுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தமிழ் அச்சுப் பொக்கிஷத்தை மூலதனமாக வைத்து 1994-இல் உருவானது. பழைய தாளை எப்படிக் கையாளுவது என்று அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மடிப்புத் தாங்கினால் வேலையை ஆரம்பிக்கலாம். துருப்பிடித்த பின்களைக் கழற்றுங்கள். வார வரிசையில் அடுக்கி, முதுகுப் பக்கம் சமமாகத் தட்டி, இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் இறுக்குங்கள். முதுகிலிருந்து முக்கால் செ.மீ. உள்ளே தள்ளி வரிசையாகத் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் போக ஒரு தையல், வர ஒரு தையல். முதுகுக்குக் காலிகோ துணி. மேல் அட்டைக்கு முன்னால் ஒரு சமாசாரம்: எந்தக் காகிதத்துக்கும் அட்டைக்கும் நாரோட்டம் உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த மடிப்பின் திசையே நார் ஓடும் திசை. அது முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக, இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் பசை காய்ந்ததும் அட்டை அப்பளமாக வளைந்துகொள்ளும். கடைசியில் மேலே கனம் வைத்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் என்றால் இரண்டு நாள். நடுவில் தூக்கிப் பார்க்கக்கூடாது.

கையால் செய்த புத்தகம் எந்த உயரம் வரை போகும் என்று பார்க்க ஆசையா? உங்கள் திருவான்மியூரிலேயே தாரா புக்ஸ் இருக்கிறது. கோண்டு ஓவியர்கள் வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' 2006-இல் வந்தது. கறுப்புத் தாளில் பக்கம் பக்கமாகக் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, கையால் தைத்து, பிரதிக்கு எண் போட்டு உலகம் முழுக்கப் போகிறது. ஒருமுறை முகர்ந்து பாருங்கள், மை வாசனை தெரியும்.

கே: எனக்கு எழுபது. இனிமேல் கத்தரியும் காகிதமும் எடுத்தால் சிரிக்க மாட்டார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பெசன்ட் நகர்

ப: இங்கிலாந்தில் மேரி டிலேனி என்று ஒரு பாட்டி, 1700-இல் பிறந்தவர். எழுபத்திரண்டு வயதில்தான் கலர் தாளை இதழ் இதழாக வெட்டிக் கறுப்புப் பின்னணியில் பூச்செடிகளை ஒட்ட ஆரம்பித்தார். ஆயிரத்தை எட்டுகிற அளவுக்குச் செய்தார், இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. உங்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் பயிற்சிக்காலம் இருக்கிறது டீச்சர்.

கே: நல்ல காகிதம், லேஸ் எல்லாம் வாங்க எங்கே போவது? ஆன்லைன் விலை கட்டுப்படியாகவில்லை.
– வாசகர், ஆழ்வார்பேட்டை

ப: லேஸ், ரிப்பன், குஞ்சம், மணி எல்லாவற்றுக்கும் தி. நகர்தான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போனால் லேஸோடு சேர்த்துத் தலைவலியும் கிடைக்கும், கிழமை நாள் காலையில் போங்கள். காகிதத்துக்கும் அட்டைக்கும் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். கையால் செய்த காகிதம் வேண்டுமானால் புதுச்சேரிப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அரவிந்தர் ஆசிரமத்தில் 1959-லிருந்து பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் காகிதம் செய்கிறார்கள். ஆனால் ஒன்று, கடைக்குப் போகுமுன் வீட்டுப் பரணைப் பார்த்துவிட்டுப் போங்கள். வாங்க நினைத்ததில் பாதி அங்கேயே இருக்கும்.

கே: காகிதக் கைவேலையில் நம் ஊர்ச் சாதனை என்று எதைச் சொல்வீர்கள்? ஒரிகாமி எல்லாம் ஜப்பான்காரருடையதாமே.
– தமிழ்ப் பற்றாளர், மயிலாப்பூர்

ப: பொட்டலம்!

கச்சேரி சாலை டப்பா செட்டி கடை மாதிரி ஒரு நாட்டு மருந்துக் கடையில் சூரணம் மடிக்கிற கையைப் பார்த்திருக்கிறீர்களா? தாளின் நடுவில் பொடி. நீள ஓரங்கள் இரண்டையும் சேர்த்துத் தூக்கி, ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொரு மடிப்பு, பொடிவரை இறக்கி நகத்தால் ஓர் இழுப்பு. இரண்டு வால்களும் பின்னால் மடிந்து, ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று நுழையும். கோந்து இல்லை, நூல் இல்லை, பின் இல்லை. பையில் குலுங்கினாலும் ஒரு துளி சிந்தாது. அந்தக் கை ஒரு நாளைக்கு எத்தனை மடிக்குமோ, ஒன்று போலவே மற்றொன்று இருக்கும். வீட்டில் நாமும் கோயில் விபூதியை நாட்காட்டித் தாளில் இப்படித்தான் மடிக்கிறோம். முருகன் படம் வெளியே தெரியும்படி மடிக்கத் தெரிந்தவர் வீட்டின் மூத்தவராகத்தான் இருப்பார்.

எலியட்ஸ் கடற்கரையில் சுண்டலுக்குச் சுருட்டுகிற கூம்பும் இதே குடும்பம். செய்தித்தாளில் சாப்பிடுகிற பொருளை மடிக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது, மை உள்ளே போகிறதாம். வெள்ளைத் தாளில் மடிக்கட்டும், மடிப்பை விட்டுவிட வேண்டாம். குழந்தைகளுக்குக் கைவேலை வகுப்பு எடுக்கிறவர்கள் கொக்கு மடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பொட்டலம் சொல்லிக் கொடுத்தால் நான் முதல் வரிசையில் உட்காருவேன்.

கே: நான் செய்யும் துணிப் பொம்மைகளை விற்க நினைக்கிறேன். விலை எப்படி வைப்பது?
– இல்லத்தரசி, அபிராமபுரம்

ப: எல்டாம்ஸ் சாலை சி.பி. ஆர்ட் சென்டரில் கண்காட்சி நடக்கும்போது ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கையால் செய்தது எந்த விலைக்குப் போகிறது என்று தெரியும். துணி, பஞ்சு, நூல் செலவை எழுதுங்கள். பக்கத்தில் எத்தனை மணி நேரம் என்று எழுதி, வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு மணிக்கு நீங்கள் கொடுப்பதைவிடக் குறையாமல் உங்களுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் 'இவ்வளவா?' என்று நீங்களே பயப்படுவீர்கள். பயப்படாமல் சொல்லிப் பழகுங்கள். 'சும்மா பொழுதுபோக்குக்குத்தானே செய்கிறாய்' என்று இலவசமாகக் கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பொம்மை செய்யச் சொல்லிக் கொடுங்கள். அதற்கப்புறம் கேட்க மாட்டார்கள்.

கே: அக்கா மகள் வருஷா வருஷம் என் பிறந்த நாளுக்குக் கையால் செய்த வாழ்த்து அட்டை தருகிறாள். ஜிகினா, பொத்தான், குச்சி எல்லாம் ஒட்டியது. வைக்க இடமில்லை, போடவும் முடியாது.
– சித்தி, வேளச்சேரி

ப: எதையும் போடாதீர்கள். எல்லா அட்டைகளையும் ஓரத்தில் துளையிட்டு ரிப்பன் கோத்து வைத்திருங்கள். அவள் கல்யாணத்தன்று மேடையில் மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். எழுத்துப்பிழையோடு.